பெரிய டிவிகளும் உன் பழைய ஒயரும்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்ட மாப்பிள்ளை கதிர்வேலுக்கு,

ஊருக்கு முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ளை" என்றும், ஆள் இல்லாத இடத்தில் "வாடா" என்றும் கூப்பிட்டே பழகியவன் நான். இந்தக் கடிதத்தை ஊரே படிக்கப்போகிறது. ஆனாலும் "நீ" என்றே எழுதுகிறேன். செத்த பிறகும் மரியாதை எதிர்பார்க்கிறவனாக இருந்தால் மேலேயும் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

போன வருசம் உன் நினைவு நாளுக்குப் படம் போட்டு நாலு வரி அடித்து டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். அச்சுக்கடையில் தயாராக வைத்திருந்த வரி. பக்கத்திலேயே வேறொருவர் படத்துக்குக் கீழேயும் அதே வரி இருந்தது. உனக்கு வந்த கண்ணீரைத்தான் அவருக்கும் ஊற்றியிருந்தார்கள். அதனால் இந்த வருசம் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்போடு நின்ற கை. அச்சுக்கடைப் பெண் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். இதில் இலக்கணம் தெரிந்தால் அது அவளுடையது, நக்கல் தெரிந்தால் என்னுடையது.

நம் தெருவில் இப்போது எல்லார் வீட்டிலும் பெரிய டிவி. கட்டில் அகலத்துக்கு. சுவரில் சாமி படத்தை இறக்கிவிட்டு அங்கே மாட்டியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகனும் தீபாவளிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவனோடு நானும் என் வீட்டுக்காரியும் பொள்ளாச்சிக்குப் போய்த்தான் எடுத்தோம். கடையில் ஒரு மீனைக் காட்டினார்கள் பார், செதில் செதிலாக எண்ணலாம். கண்ணாடிக்குள் தண்ணீர் இருக்கிறதோ என்று என் வீட்டுக்காரி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, இந்த மீனு எங்கூட்டுக்கும் வருமுங்களா?" என்று கேட்டாள்.

"எச்டிங்கக்கா. எல்லாமே இப்படித்தான் வரும்" என்றான் கடைக்காரன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, நீ தெருவுக்கெல்லாம் இழுத்துக் கொடுத்த உன் கேபிள் ஒயரைச் சொருகினோம். மீன் வரவில்லை. செய்தி வாசிக்கிற பெண் வந்தாள், இரண்டு காதையும் யாரோ ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி அகலமாக. கீழே ஓடும் எழுத்து எறும்புச் சாரை போல ஓடியது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நாட்டில் அடுத்த சேதியே வந்துவிடுகிற ஆள் நான். எனக்கு எழுத்தும் கலங்கினால்?

"மாமியாக்காரிக்கும் மருமவளுக்கும் ஒரே மூஞ்சியா இருக்குதுங்க. ஆரு ஆரத் திட்டறாங்கன்னே தெரியல" என்றாள் என் வீட்டுக்காரி.

மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, டிவி மட்டுந்தான் எச்டி. உள்ள வர்றது எச்டி இல்ல. இது பழைய பெட்டி, மூணு கலர் ஒயரு. பெட்டிய மாத்தாம நீங்க செவுரு பூரா டிவி வெச்சாலும் இதேதான் தெரியும். வேற கனெக்சன் எடுத்துக்கலாம், நாளைக்கே ஆள் வருவாங்க."

"வேண்டாஞ்சாமி."

"ஏனுங்ப்பா?"

"உன்ற அத்தை லைனு."

ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான். மீன் வராத டிவியை நான் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மட்டுமா? தெருவே அப்படித்தான். கோடி வீட்டுப் பெரியம்மா ஒருத்திதான் சந்தோசமாக இருக்கிறாள். அவள் டிவியின் மூலையில் கடையில் ஒட்டின "எச்டி" என்ற தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. "எச்டி தெரியுதுங்களா பெரியம்மா?" என்று கேட்டால், "அதா, ஒட்டியிருக்குதல்ல கண்ணு" என்கிறாள். துடைக்கும்போதுகூட அந்தத் தாளைச் சுற்றித்தான் துடைக்கிறாள். மற்ற எல்லாருக்கும் விசயம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ படத்துக்குள் போன பிறகு நடந்தது அது. உன் கருமாதிக்கு நான் பொறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு வந்தேன். தங்கச்சி சுமதி தோளில் அந்தச் சேலையைப் போட்டபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இனி என்ன பண்றதுங்க?" என்றாள். அதற்குள் தெருக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கேபிளு இருக்குதல்ல கண்ணு. நீ நடத்து. எங்கள்ல ஒருத்தரும் கழட்ட மாட்டோம்" என்றார்கள். சோற்றுப் பந்திக்கு முன்னால், உன் படத்துக்கு நேராக நின்று சொன்ன சொல். நானும் தலையாட்டினேன். யாருக்குத்தான் கண் கலங்காது, சொல்?

உன் லைன் மேல் எல்லாருக்கும் பிரியம் உண்டு மாப்பிள்ளை. நம் ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால் வேறு எந்தப் பெட்டியை வாங்கினாலும் மலையாளம் முன்னால் வரும், தமிழைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நீ ஒன்றாம் நம்பரிலிருந்தே தமிழ் வைத்தாய். மாரியம்மன் நோம்பியையும், ஊர்ப் பெண்பிள்ளைகளின் பூப்புச் சீரையும் உன் சொந்தச் சேனலில் போட்டாய். பொரிகடலை விற்கிறவன்கூட டிவியில் வந்தது நம் தெருவில்தான். அதையெல்லாம் யாரும் மறக்கவில்லை. ஆனால் மறக்காமல் இருப்பதற்கும் மாட்டிக்கொண்டு இருப்பதற்கும் நடுவில் எங்கேயோ நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

நம் தெரு நாச்சிமுத்துவின் கதையைக் கேள். போன மாசம் நான் மேற்குத் தோட்டத்தில் தென்னை ஏறித் தேங்காய் தள்ளிக்கொண்டிருந்தேன். மரத்துமேல் இருந்து பார்த்தால் எல்லார் வீட்டுப் பின்பக்கமும் தெரியும், உனக்குத் தெரியாததா? நாச்சிமுத்துவின் மாட்டுச்சாளைக் கூரையில், சுற்றிலும் தென்னை ஓலை சாத்தி, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். இறங்கி நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"பங்காளி, சாளைக்கு மேல வட்டமா என்னமோ இருக்குதே?"

"அதா? கோழிக்குத் தண்ணி வெக்கறது."

"உன்ற கோழி கூரை மேல ஏறியா தண்ணி குடிக்குது?"

"வெயிலுக்கு... மேல காத்து வரும்."

"செரி. அதுல இருந்து ஒரு ஒயரு ஊட்டுக்குள்ள போவுதே, தண்ணி அதுலதான் வருதா?"

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். "பங்காளி, சுமதி காதுக்குப் போவ வேண்டாம். டிஷ்ஷு வெச்சுப் பேரன் கிரிக்கெட்டு பாக்கறான். நம்ம லைனுல பந்தே தெரிய மாட்டீங்குது."

"பந்து தெரிஞ்சா நாங்கெல்லாம் பாக்கறோம்? ஆரு ஓடறாங்கன்னு பாத்துத் தெரிஞ்சுக்கறதில்ல?"

பாவம், அவன் உன் இணைப்பையும் விடவில்லை. சுமதி தெருவில் வருவது தெரிந்தால் எழுந்து ஓடி ஒயரை மாற்றிச் சொருகி, மங்கலான படத்தை வைத்து, "படம் நெம்பத் தெளிவா இருக்குது கண்ணு!" என்று வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துகிறான். சொந்த வீட்டில் திருட்டுத்தனமாக நல்ல படம் பார்க்கிறவன் இந்தப் பாலக்காட்டு ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். (நாச்சிமுத்து, இதைச் சுவரில் நின்று படித்துக்கொண்டிருந்தால் கோவித்துக்கொள்ளாதே. உன் கோழிகளைக் கேட்டதாகச் சொல்.)

இனிமேல் சொல்லப்போவதற்கு நீ சிரிப்பாயா அழுவாயா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடை மழைக்கு நம் தெருமுனைக் கம்பத்தில் இடி விழுந்தது. அங்கே தொங்குகிற, தெருவுக்கெல்லாம் படத்தைப் பிரித்து அனுப்புகிற உன் பெட்டி கருகிப்போனது. தெரு முழுக்க டிவி கறுப்பு. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. யாரும் கழட்டவில்லை, யாரும் சொல் தவறவில்லை, வானமே கழட்டிவிட்டது. காலையில் டீக்கடைக்குப் போனால் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவன் டீயில்கூட ஈ விழவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பாகக் குடித்தார்கள். உள்ளுக்குள் எல்லாருக்கும் மீன் நீந்திக்கொண்டிருந்தது.

அப்போது கோடி வீட்டுப் பெரியம்மா வந்தாள். "அந்தப் புள்ள இனி என்ன பண்ணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். போச்சு. நாச்சிமுத்துதான் முதலில் எழுந்தான். அவனுக்குக் கூரைமேல் இருக்கிற வட்டம் உறுத்தியிருக்கும். "நம்ம எல்லாஞ் சேந்து சரி பண்ணிக் குடுத்தரலாம்" என்றான். அவன் சொன்ன பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? கூடப்பிறந்தவன் ஆயிற்றே. அவனைவிடச் சத்தமாக, "ஆமா, இன்னிக்கே" என்றேன்.

சுமதியிடம் போய்ச் சொன்னோம். "வேண்டாமுங்க, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க செரமம்?" என்றாள். மானஸ்தி என்று நினைத்தோம். "போனது போவட்டுமுங்க, விட்டுருங்க" என்றாள். மனசு உடைந்து சொல்கிறாள் என்று நினைத்தோம். "நெசமாலுமே வேண்டாமுங்க" என்று மூன்றாவது தடவையும் சொன்னாள். அதைக் கேட்டு நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம். பாலக்காட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, புதுப் பெட்டிக்கு எல்லாரும் பங்கு போட்டு, ஏணியை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டில்தான் போட்டுப் பார்த்தோம். தெருவே கூடி நின்றது. காது இழுபட்ட அந்தப் பெண் மறுபடி வந்து செய்தி வாசித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். சுமதியும் தட்டினாள். நான் அவளைப் பார்த்தேன். கை தட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் வீட்டுக்குள் பாம்பு போனதைப் பார்த்தவள் மாதிரி இருந்தது முகம்.

பொழுது சாயும் நேரத்தில் அவளை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில் நின்றாள்.

"அண்ணா, அந்த இடி இன்னுங் கொஞ்சம் பலமா உழுந்திருக்கலாமுங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்ன கண்ணு சொல்ற?"

"எனக்கு வேண்டாமுங்ணா இந்த லைனு. எனக்கு இது புடிக்கவே இல்லீங்க. ஒயரு மேல தென்னமட்டை உழுந்தா நானு, மழை வந்தா நானு. ஒறம்பரைக் கல்யாணத்துல பந்தில குக்கறேன், போனு வருது, படம் வரலைன்னு. எல எடுக்காம எந்திரிச்சு ஓடியாறேன். எங்கியும் ஒரு நாளு தங்க முடியறதில்ல. ரெண்டு வருசமா மூங்கிலையும் தொரட்டியையும் தூக்கிட்டு அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தே நிக்க மாட்டீங்குது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றதுங்க? எனக்கோசரம் எல்லாரும் கலங்கலாப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதுங்களா? நாச்சிமுத்தண்ணன் கூரையில இருக்கறது எனக்குப் போன வருசமே தெரியும். அத்தன பேரு எனக்கோசரம் சகிச்சுட்டு இருக்கையில, நான் போறேன்னா நல்லாவா இருக்கும்? உங்க மாப்ள இழுத்த ஒயர நானே அறுத்துட்டுப் போனேன்னு ஆயிராதுங்களா?"

மாப்பிள்ளை, நான் அந்த இடத்திலேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்காக நாங்கள், எங்களுக்காக அவள். ஒருவர் கையில் இன்னொருவர் கயிறு. யாரும் இழுக்கவில்லை, ஆனால் யாராலும் நகர முடியவில்லை.

அப்புறம்தான் சொன்னாள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் வேலை இருக்கிறதாம். சாமானுக்குச் சீட்டுப் போட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. நம் ஊரிலிருந்து வேனில் போகிற பெண்கள் இவளுக்காகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மாசம் முடிவதற்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்ல வேண்டும், அதற்குமேல் காத்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு ஒரே ஆசைதானுங்ணா. வெடியால தலை சீவி, டிபன் டப்பா எடுத்துட்டு, வேனுல சன்னலோரம் குக்கோணும். பொழுதோட வந்து கதவச் சாத்துனா ஒருத்தரும் கூப்பிடக் கூடாது."

இவ்வளவு சின்ன ஆசையை இவ்வளவு பயந்து ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த நாளே முடிவு பண்ணினேன். யாராவது ஒருவன் முதலில் கழட்டினால்தான் மற்றவர்கள் கழட்டுவார்கள். அந்த ஒருவன் நான்தான். நீ கீழே நின்று ஒயரைத் தள்ள, மரத்துக்கு மரம் ஏறிக் கட்டினவன் நான் என்பதால் அவிழ்க்கிற உரிமையும் எனக்குத்தானே? வாசல் தென்னையில் ஏறி, முடிச்சில் கையை வைத்தேன். கீழே நாச்சிமுத்துவின் குரல்.

"பங்காளி, ஒயரு லூசாயிருச்சா?"

"ம்" என்றேன்.

"இரு இரு, நான் இந்தப் பக்கம் இழுத்துப் புடிக்கறேன். நீ நல்லா இறுக்கிக் கட்டு. சுமதி லைனு, அவுந்துரக் கூடாது."

இழுத்துப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். நான் மேலே தொங்கிக்கொண்டு, அவிழ்க்கப்போன முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினேன். "டீ குடிக்கலாமா?" என்று கேட்டான். குடித்தோம். காசும் அவனே கொடுத்தான். இப்படி ஒரு ஊரில் ஒரு மனுசன் எப்படியப்பா கெட்ட காரியம் செய்வது?

வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. "சுமதிக்கு லைன் வேண்டாமாம்" என்று நான் சொன்னால், "பாவம், அண்ணன்காரன் கழட்டறதுக்கு இப்படி ஒரு சாக்கு" என்பார்கள். அவளே சொன்னால் மானஸ்தி என்பார்கள். அதனால்தான் சுவரில் ஒட்டுகிற இந்தக் கடிதம். உன்னைச் சாட்சி வைத்துச் சொன்னால் பொய் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

எழுதி முடித்ததைச் சுமதியிடம் படித்துக் காட்டினேன். "ஒட்ட வேண்டாமுங்ணா" என்றாள். "செரி, கிழிச்சரட்டா?" என்று கேட்டேன். அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்தாள். பிறகு, "என்ற மூக்கு ஒழுவுச்சுன்னு ஒரு எடத்துல எழுதியிருக்கீங்க, அத மட்டும் எடுத்துருங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

ஆகவே, தெருக்காரர்களே, உங்கள் சொல்லை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள். போதும். யாரும் அவளுக்காக இனி மங்கலாகப் பார்க்க வேண்டாம்.

மாப்பிள்ளை, உன்னிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். உனக்கு இதில் வருத்தமா? என் வீட்டு ஓட்டின்மேல் நின்ற ஆண்டெனாவைப் பிடுங்கி, "இத வெச்சுட்டு இன்னும் எத்தன நாளைக்குங்க மச்சான் புள்ளி பாப்பீங்க?" என்று கிண்டல் பண்ணினவன் நீ. இருந்திருந்தால் முதல் ஆளாக நீயே புதுப்பெட்டி கொண்டுவந்து, எங்களைத் திட்டித் திட்டி மாட்டியிருப்பாய், இல்லையா? நீ இல்லை என்பதால்தான் உன் ஒயர் எங்களுக்குச் சாமியாகிவிட்டது. பதில் சொல்ல மாட்டாய். உயிரோடு இருந்தபோதே கேட்டதற்கு உடனே பதில் சொன்னவன் இல்லை நீ.

நாளைக்கு உன் நினைவு நாள். காலையில் இதை ஒட்டிவிட்டு, எல்லாரும் பார்க்க என் வீட்டு இணைப்பைக் கழட்டப்போகிறேன். எனக்கு உள்ளபடியே பயமாகத்தான் இருக்கிறது. நம் ஆட்களை உனக்குத் தெரியும். இதைப் படித்து அழுதுவிட்டு, அழுத கையோடு ஏணியை எடுத்துக்கொண்டு வந்து திரும்பக் கட்டிவிடுவார்கள்.

கட்டட்டும். உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன் மாப்பிள்ளை. அவர்கள் கட்டக் கட்ட நான் அவிழ்ப்பேன், சுமதி வேனில் ஏறி உட்கார்ந்து சன்னலைத் திறக்கிற வரைக்கும்.

உன் பொண்டாட்டியோடு பிறந்தவன்,
உனக்கு எப்போதும் மச்சான்,
ஆறுச்சாமி